கிணற்றுப் பாசனம் (சேலம், நாமக்கல் சமவெளி)

சேலம், நாமக்கல் சமவெளியின் கிணற்றுப் பாசனம் என்பது தமிழ்நாட்டின் சேலம், நாமக்கல் மாவட்டங்களில் நிலத்தடி நீரைக் கிணறுகளிலிருந்து இறைத்துப் பயிர் செய்யும் முறையாகும். காவிரிக் கரையை ஒட்டிய பகுதிகளும் சில ஏரிப் பாசனப் பகுதிகளும் தவிர, இச்சமவெளியின் வேளாண்மை பெரும்பாலும் கிணறுகளையே நம்பியுள்ளது. மாடு பூட்டி இறைத்த கவலை, எண்ணெய் எஞ்சின், மின்மோட்டார், ஆழ்துளைக் கிணறு என நீர் இறைக்கும் கருவிகள் மாறிவந்துள்ளன. ஒவ்வொரு மாற்றமும் பயிர் முறையையும், உழவருக்கும் தொழிலாளருக்கும் இடையிலான உறவையும், நிலத்தடி நீரின் ஆழத்தையும் மாற்றியது. இம்மாற்றத்தின் ஒரு விளைவாக, நாமக்கல் மாவட்டத்தில் உள்ள திருச்செங்கோடு இந்தியா முழுவதும் அறியப்பட்ட ஆழ்துளைக் கிணறு தோண்டும் தொழில் மையமாக வளர்ந்தது.

நிலமும் நீரும்

நாமக்கல் மாவட்டம் சேலம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டு 1997 சனவரி 1 முதல் தனி மாவட்டமாகச் செயல்படுகிறது. சேர்வராயன் மலை, கல்வராயன் மலை, கொல்லி மலை, போதமலை, சருகுமலை, கஞ்சமலை முதலிய மலைகளுக்கு இடையிலும் அடிவாரத்திலும் பரந்துள்ள மேட்டுச் சமவெளியே இங்கு குறிப்பிடப்படும் பகுதியாகும். காவிரி இச்சமவெளியின் மேற்கு, தெற்கு எல்லைகளை ஒட்டி ஓடுகிறது. திருமணிமுத்தாறு, சரபங்கா, வசிட்ட நதி ஆகியவை உட்பகுதியில் ஓடும் சிற்றாறுகள். இவற்றில் மழைக்காலத்தில் மட்டுமே போதிய நீர் ஓடும்.

1934 இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணை சேலம் மாவட்டத்தில் இருந்தாலும், அதன் நீரின் பெரும்பகுதி கீழ்நோக்கி காவிரிப் படுகைக்கே செல்கிறது. மேட்டூர் கிழக்குக் கரை, மேற்குக் கரை வாய்க்கால்கள் சேலம், நாமக்கல், ஈரோடு மாவட்டங்களில் ஏறத்தாழ 45,000 ஏக்கர் நிலத்திற்கு நீர் வழங்குகின்றன. சேடர்பாளையத்தில் காவிரியிலிருந்து பிரியும் இராசா வாய்க்கால் பரமத்தி வேலூர்ப் பகுதியின் வாழை, வெற்றிலை, கரும்பு நிலங்களுக்குப் பாய்கிறது. வாய்க்கால் மட்டத்திற்கு மேலே உள்ள நிலங்களுக்கு ஆற்று நீர் தானாக ஏறாது. அங்கு கிணறே வழி.

இப்பகுதியின் அடிநிலப் பாறைகள் நைசு, சார்னோகைட் போன்ற மிகப் பழமையான கடினப் பாறைகளாகும். ஆற்றுப் படுகை மணலில் உள்ளது போன்ற நுண்துளைகள் இவற்றில் இல்லை. எனவே நீர் இரண்டு இடங்களில் மட்டுமே தங்குகிறது. ஒன்று, மேற்பரப்பை அடுத்துள்ள சிதைந்த பாறை அடுக்கு. மற்றொன்று, அதற்குக் கீழே உள்ள கெட்டிப் பாறையின் வெடிப்புகள். சிதைந்த அடுக்கு பஞ்சு போல் மழைநீரை உறிஞ்சி வைக்கும். வெடிப்புகள் குறைந்த நீரையே கொள்ளும். ஆழம் கூடக்கூட வெடிப்புகளின் எண்ணிக்கை பொதுவாகக் குறைகிறது. ஒரு கிணற்றில் நீர் நிறைந்திருக்க, அதற்குச் சில நூறு அடி தொலைவில் தோண்டிய கிணறு வறண்டு கிடப்பதற்கு இதுவே காரணம். இச்சமவெளியின் உழவர்கள் சந்தித்துவரும் பெரும்பாலான இடர்கள் இந்தப் பாறை அமைப்பிலிருந்தே தொடங்குகின்றன.

தோட்டம், காடு, வயல்

கொங்கு வழக்கில் விளைநிலம் நீர் கிடைக்கும் வழியைக் கொண்டு மூன்றாகப் பிரிக்கப்படுகிறது.

வயல்: ஆற்று வாய்க்காலோ ஏரியோ பாயும் நிலம். நெல், கரும்பு, வாழை விளையும்.

தோட்டம்: கிணறு உள்ள நிலம். மஞ்சள், பருத்தி, கரும்பு, மரவள்ளி, சின்ன வெங்காயம், காய்கறி முதலியன விளையும்.

காடு அல்லது மேட்டாங்காடு: மழையை மட்டும் நம்பிய நிலம். சோளம், நிலக்கடலை, ஆமணக்கு, துவரை, கொள்ளு முதலியன விளையும். இங்கு காடு என்பது மரங்கள் அடர்ந்த வனத்தைக் குறிக்காது.

உழவர் பலர் ஊருக்குள் வாழாமல் தோட்டத்திலேயே வீடு கட்டிக் குடியிருப்பது இப்பகுதியின் வழக்கமாகும். கிணறு வீட்டுக்கு அருகில் இருக்கும். எனவே கிணறு பாசன நீருக்கு மட்டுமன்றி, குடிநீருக்கும் கால்நடைகளுக்கும் ஆதாரமாக இருந்தது. நிலத்தின் விலையும் அந்தக் குடும்பத்தின் நிலையும் கிணற்றில் உள்ள நீரைக் கொண்டே மதிப்பிடப்பட்டன.

திறந்த கிணறு

கொங்குப் பகுதியின் பாசனக் கிணறுகள் பெரும்பாலும் சதுர அல்லது நீள்சதுர வடிவில் அகலமாக வெட்டப்பட்டவை. மேற்பகுதி மண் சரியாமல் இருக்கக் கல்கட்டுச் சுவர் எழுப்பப்படும். அதற்குக் கீழே பாறையே சுவராக அமையும். உள்ளே இறங்கக் கற்படிகள் பதிக்கப்படும்.

கிணறு வெட்டுவதில் ஒட்டர் அல்லது போயர் எனப்படும் சமூகத்தினர் தேர்ச்சி பெற்றிருந்தனர். கடப்பாரை, உளி, சம்மட்டி ஆகியவற்றால் பாறையில் துளையிட்டு, வெடிமருந்து வைத்துத் தகர்த்து, உடைந்த கற்களைக் கூடைகளில் மேலே ஏற்றினர். பிற்காலத்தில் டீசல் எஞ்சினால் இயங்கும் கிரேன் இந்த வேலைக்கு வந்தது. வெடி விபத்துகளும் கல் விழுந்து ஏற்படும் இறப்புகளும் இத்தொழிலில் இருந்துவந்துள்ளன. கோடையில் நீர் வற்றும்போது கிணற்றை மேலும் ஆழப்படுத்துவது வழக்கம்.

திறந்த கிணறு அகலமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. கடினப் பாறையில் ஊற்று மெதுவாகவே சுரக்கும். இரவு முழுவதும் சுரக்கும் நீரைத் தேக்கி வைத்துக் காலையில் இறைக்க வேண்டும். 10 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் உள்ள கிணற்றில் 1 மீட்டர் உயரத்திற்கு நீர் ஊறினால் அது 1,00,000 லிட்டராகும். ஆனால் 165 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஆழ்துளைக் கிணற்றில் 1 மீட்டர் நீரின் அளவு ஏறத்தாழ 21 லிட்டர் மட்டுமே. திறந்த கிணறு ஊற்றாகவும் தொட்டியாகவும் இருந்தது. ஆழ்துளைக் கிணறு ஊற்றை எட்டும் குழாய் மட்டுமே.

கிணற்றுப் பங்கு

தந்தையின் நிலம் மக்களுக்குப் பிரியும்போது நிலத்தைப் பிரிக்கலாம். கிணற்றைப் பிரிக்க இயலாது. எனவே கிணற்றில் பங்கும், நீர் இறைக்கும் முறைநாளும் பிரிக்கப்பட்டன. நான்கு பங்காளிகள் உள்ள கிணற்றில் ஒவ்வொருவருக்கும் நான்கு நாட்களுக்கு ஒருமுறை நீர் கிடைக்கும். நிலம் விற்கப்படும்போது கிணற்றில் உள்ள பங்கும், நீர் கொண்டுசெல்லும் வாய்க்கால் உரிமையும், வண்டித்தட உரிமையும் கிரயப் பத்திரத்தில் தனித்தனியாக எழுதப்படும். மின்மோட்டார் வந்தபின் மின் இணைப்பிலும் மோட்டாரிலும் உள்ள பங்கும் இவற்றுடன் சேர்க்கப்பட்டது. முறை தவறி இறைத்தல், பங்காளிகளில் ஒருவர் தூர்வாரும் செலவைத் தராமலிருத்தல் ஆகியவை நீண்டகால வழக்குகளுக்குக் காரணமாக அமைந்துள்ளன.

கவலை

கவலை என்பது இரண்டு மாடுகளைப் பூட்டிக் கிணற்றிலிருந்து நீர் இறைக்கும் ஏற்ற வகையாகும். தமிழ்நாட்டின் பிற பகுதிகளில் இது கமலை எனப்படுகிறது. மின்மோட்டார் பரவும்வரை இச்சமவெளியின் முதன்மையான நீரிறைக்கும் கருவி இதுவே.

இதன் முக்கிய உறுப்புகள் பின்வருமாறு:

பறி அல்லது சால்: நீர் மொள்ளும் பெரிய கொள்கலன். தொடக்கத்தில் முழுவதும் தோலால் ஆனது. பின்னர் இரும்புத் தகட்டால் செய்யப்பட்டது.

தும்பி: பறியின் அடியில் இணைக்கப்பட்ட, இருபுறமும் திறந்த தோல் குழாய். யானையின் தும்பிக்கையை ஒத்திருப்பதால் இப்பெயர்.

வடம்: பறியை மாடுகளின் நுகத்தடியுடன் இணைக்கும் தடித்த கயிறு.

வால்கயிறு: தும்பியின் முனையில் கட்டப்படும் மெல்லிய கயிறு.

உருளைகள்: வடம் செல்ல மேலே ஒன்றும், வால்கயிறு செல்லக் கிணற்றின் விளிம்பில் ஒன்றும் இருக்கும்.

வாரி: மாடுகள் இறங்கிச் செல்வதற்காகக் கிணற்றோரம் தொடங்கிச் சரிவாக வெட்டப்பட்ட பாதை.

மாடுகள் வாரியில் முன்னோக்கி இறங்கும்போது பறி நீருடன் மேலே ஏறும். அப்போது வால்கயிறு தும்பியின் முனையைப் பறியின் வாய் உயரத்திற்கு மடக்கிப் பிடித்திருப்பதால் நீர் வெளியேறாது. பறி மேலே வந்ததும், வால்கயிறு தும்பியின் முனையைக் கிணற்று விளிம்பிலுள்ள தொட்டிக்குள் இழுக்கிறது. முனை தாழ்ந்து திறந்துகொள்வதால் நீர் தொட்டியில் கொட்டுகிறது. பறியைச் சாய்க்க மேலே ஒருவர் நிற்கத் தேவையில்லை. இரண்டு கயிறுகளின் நீள வேறுபாடே அந்த வேலையைச் செய்துவிடுகிறது. பின்னர் மாடுகள் பின்னோக்கி நடந்து வாரியின் மேட்டுக்கு வர, பறி மீண்டும் கிணற்றில் இறங்கும். கவலை ஓட்டுபவர் இறக்கத்தில் வடத்தின் மீது அமர்ந்து தம் எடையையும் மாடுகளின் இழுவிசையுடன் சேர்ப்பார்.

கவலை பெரும்பாலும் விடியலுக்கு முன்பே பூட்டப்பட்டது. வெயில் ஏறுவதற்குள் மாடுகளை அவிழ்க்க வேண்டும் என்பதே காரணம். இறைத்த சால்களைக் கணக்கிடவும் களைப்புத் தெரியாமலிருக்கவும் பாடப்பட்ட பாடல்கள் ஏற்றப்பாட்டு என்னும் நாட்டுப்புறப் பாடல் வகையைச் சேர்ந்தவை. ஒருவர் கவலை ஓட்ட, மற்றொருவர் வயலில் மடை மாற்றுவார். மடை மாற்றும் வேலையைப் பெண்களும் சிறுவர்களும் செய்தனர்.

கவலையும் சமூகமும்

கவலை பல தொழிலாளர்களைச் சார்ந்து இயங்கியது. தச்சர் உருளையையும் நுகத்தடியையும், கொல்லர் இரும்புப் பறியையும் செய்தனர். தோல் பறியையும் தும்பியையும் செய்து தந்து, பழுதும் பார்த்தவர்கள் அருந்ததியர் சமூகத்தைச் சேர்ந்த தோல் தொழிலாளர்கள். மாதாரி என்றும் அழைக்கப்பட்ட இவர்களே தோட்டங்களில் பண்ணையாட்களாகவும் ஆண்டுக் கணக்கில் வேலை செய்தனர். அதற்குத் தானியமும் சிறிதளவு பணமும் கூலியாகத் தரப்பட்டன. முன்பணமாகப் பெற்ற கடனும் தீண்டாமையும் அவர்களை ஒரே பண்ணையில் கட்டி வைத்தன.

சுவீடன் நாட்டு வரலாற்றாளர் குனல் செடர்லாஃப், கோயம்புத்தூர்ப் பகுதியில் 1900 முதல் 1970 வரை இவ்வுறவு மாறிய விதத்தை ஆராய்ந்து 1997 இல் நூலாக வெளியிட்டுள்ளார். நீர் இறைக்கத் தோல் தேவைப்படாத நிலையில், உழவருக்கும் தோல் தொழிலாளருக்கும் இருந்த பழைய பிணைப்புத் தளர்ந்தது. இதனால் அடிமைத்தனம் குறைந்தது என்பது ஒரு பக்கம். உறுதியாகக் கிடைத்துவந்த வேலையும் தானியமும் இல்லாமற்போயின என்பது மற்றொரு பக்கம். கவலையைப் பற்றிய நினைவுகள் நிலம் உடையவருக்கும் நிலமற்றவருக்கும் ஒன்றாக இருப்பதில்லை.

எண்ணெய் எஞ்சினும் மின்மோட்டாரும்

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் எண்ணெய் எஞ்சின்கள் வசதி படைத்த உழவர்களின் தோட்டங்களுக்கு வந்தன. பைக்காரா நீர்மின் நிலையம் 1932 இலும், மேட்டூர் நீர்மின் நிலையம் 1937 இலும் செயல்படத் தொடங்கியதால் மேற்குத் தமிழகத்தில் மின்சாரம் பரவியது. கோயம்புத்தூரில் 1937 இல் உள்நாட்டிலேயே மின்மோட்டார் உருவாக்கப்பட்டது. அந்நகரம் பின்னர் இந்தியாவின் முதன்மையான நீரேற்றி உற்பத்தி மையமாக வளர்ந்தது. சேலம், நாமக்கல் பகுதி அதற்கு அருகில் இருந்ததால் மோட்டாரும் உதிரிப் பாகங்களும் பழுது பார்ப்பவர்களும் எளிதில் கிடைத்தனர்.

விடுதலைக்குப் பின், குறிப்பாக 1960களிலும் 1970களிலும், ஊர்தோறும் மின் இணைப்பு வழங்கப்பட்டது. கூட்டுறவு நிலவள வங்கிகள் கிணறு வெட்டவும் ஆழப்படுத்தவும் மோட்டார் வாங்கவும் கடன் வழங்கின. இதன் பின் கவலை விரைவாக மறைந்தது. சோளமும் கம்பும் விளைந்த இடங்களில் கரும்பு, மஞ்சள், பருத்தி, மரவள்ளி ஆகியவை பரவின. மரவள்ளியிலிருந்து சவ்வரிசியும் ஸ்டார்ச்சும் செய்யும் ஆலைகள் சேலம் பகுதியில் 1940களிலேயே தோன்றியிருந்தன. அவ்வாலைகளின் விற்பனைக்காகச் சேகோசர்வ் என்னும் கூட்டுறவு நிறுவனம் 1981 இல் சேலத்தில் தொடங்கப்பட்டது.

மின்கட்டணப் போராட்டங்கள்

நீர் இறைத்தல் மின்சாரத்தைச் சார்ந்தபின், மின்கட்டணம் உழவரின் முதன்மையான செலவுகளில் ஒன்றாயிற்று. 1970 இல் கட்டண உயர்வை எதிர்த்துக் கோயம்புத்தூர் மாவட்ட விவசாயிகள் போராடினர். அவ்வாண்டு சூன் 19 அன்று பெருமாநல்லூரில் நடந்த துப்பாக்கிச்சூட்டில் மூன்று விவசாயிகள் உயிரிழந்தனர். 1972 இல் போராட்டம் மேலும் விரிவடைந்தது. விவசாயிகள் மாட்டு வண்டிகளைக் கோயம்புத்தூர் நகருக்குள் ஓட்டி வந்து சாலைகளை நிறைத்தனர். அவ்வாண்டு சூலையில் தமிழ்நாட்டின் பல இடங்களில் நடந்த துப்பாக்கிச்சூடுகளில் விவசாயிகள் பலர் கொல்லப்பட்டனர். அவ்விடங்களுள் சேலம் மாவட்டத்தில் உள்ள பெத்தநாயக்கன்பாளையமும் ஒன்று. சூலை 5 ஆம் நாளை விவசாயிகள் சங்கங்கள் ஆண்டுதோறும் உயிரிழந்தோர் நினைவு நாளாகக் கடைப்பிடிக்கின்றன.

இப்போராட்டங்களுக்குத் தலைமை தாங்கியவர் கோயம்புத்தூர் மாவட்டம் வையம்பாளையத்தைச் சேர்ந்த சி. நாராயணசாமி நாயுடு (1925-1984) ஆவார். 1984 இல் சிறு, குறு விவசாயிகளுக்கும், 1990 இல் அனைத்து விவசாயிகளுக்கும் பாசன மின்சாரம் இலவசமாக்கப்பட்டது. 2003 இல் மீண்டும் கட்டணம் விதிக்கப்பட்டு, 2004 இல் அது திரும்பப் பெறப்பட்டது. இன்று தமிழ்நாட்டில் 20 இலட்சத்துக்கும் மேற்பட்ட வேளாண் மின் இணைப்புகள் உள்ளன.

இலவச மின்சாரம் சிறு உழவர்களைக் காத்தது என்பது விவசாயிகள் சங்கங்களின் நிலைப்பாடு. இறைக்கும் நீருக்குச் செலவே இல்லாததால் நிலத்தடி நீர் அளவின்றி எடுக்கப்பட்டது என்பது அதனைக் குறைகூறுவோரின் வாதம். ஆற்று நீர் பெறும் உழவர் மிகக் குறைந்த தீர்வையே செலுத்துகையில், கிணற்று உழவர் மட்டும் கிணறு, மோட்டார், மின்சாரம் ஆகிய அனைத்தையும் தாமே ஏற்பது முறையா என்பது இதற்குச் சங்கங்கள் தரும் மறுமொழியாகும்.

ஆழ்துளைக் கிணறு

மின்மோட்டார்கள் பெருகியபின் சிதைந்த பாறை அடுக்கின் நீர்மட்டம் இறங்கத் தொடங்கியது. உழவர்கள் முதலில் கிணற்றை ஆழப்படுத்தினர். அடுத்து, கிணற்றின் சுவரில் கிடைமட்டமாகப் பக்கத்துளைகளும், அடியில் செங்குத்துத் துளைகளும் இட்டனர். இறுதியில், நிலமட்டத்திலிருந்தே ஆழ்துளைக் கிணறு தோண்டும் முறைக்கு மாறினர்.

பழைய முறைகளில் கடினப் பாறையில் ஒரு கிணறு தோண்டப் பல நாட்கள் ஆயின. அழுத்தக் காற்றால் இயங்கும் அடித்துளைச் சுத்தியல் இந்நிலையை மாற்றியது. 1960களின் இறுதியில், வறட்சிப் பகுதிகளில் குடிநீர் வழங்கும் பணிக்காக யுனிசெப் நிறுவனம் இவ்வகைக் கருவிகளை இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. அரசின் குடிநீர்த் திட்டங்களில் தொடங்கிய இத்தொழில்நுட்பம் பின்னர் தனியார் பாசனத்திற்குப் பரவியது.

இம்முறையில் சுத்தியல் துளைக்குழாயின் அடி நுனியில், பாறையை ஒட்டியே இருக்கும். காற்றழுத்தி அனுப்பும் காற்று குழாய் வழியாக இறங்கிச் சுத்தியலின் உந்தை விரைவாக அடிக்கச் செய்கிறது. டங்ஸ்டன் கார்பைடு குமிழ்கள் பதித்த துளைமுனை சுழன்றவாறே பாறையை நொறுக்குகிறது. அதே காற்று பாறைத்தூளை மேலே தள்ளிவிடுகிறது. மேற்பகுதி மண்ணும் சிதைந்த பாறையும் சரியாமலிருக்க உறைக்குழாய் இறக்கப்படும். அதற்குக் கீழே பாறையே சுவராக நிற்கும்.

தோண்டும்போது புழுதி மட்டும் வெளிவந்தால் பாறை வறண்டது என்று பொருள். வெடிப்பு ஒன்றைத் தொட்டால் நீர் பீறிட்டு வரும். வெளிவரும் நீரைப் பள்ளத்தில் செலுத்தி, முக்கோண வெட்டுள்ள தகட்டின் வழியே வழியவிட்டு, ஒரு அங்குலம், இரண்டு அங்குலம் என அளவிடுவர். கட்டணம் அடிக்கணக்கில் பெறப்படுகிறது. ஆழம் கூடினால் அடிக்கு உரிய வீதமும் படிப்படியாக உயரும். நீர் கிடைக்காவிட்டாலும் கட்டணம் செலுத்தியாக வேண்டும். எந்த அடியில் நிறுத்துவது என்ற முடிவை, ரிக் ஓடிக்கொண்டிருக்கும்போதே, பெரும்பாலும் நள்ளிரவில், உழவர் எடுக்க வேண்டியிருக்கும்.

நீரோட்டம் பார்த்தல்

தோண்டும் இடத்தைத் தெரிவு செய்யக் கவட்டை வேப்பங்குச்சி, உள்ளங்கையில் நிறுத்திய தேங்காய் ஆகியவற்றைக் கொண்டு நீரோட்டம் பார்ப்பவர்களை உழவர்கள் பரவலாக நாடுகின்றனர். இம்முறைகளின் பயன் கட்டுப்படுத்தப்பட்ட சோதனைகளில் நிறுவப்படவில்லை. நிலத்தின் மின்தடையை அளந்து வெடிப்புகளைக் கணிக்கும் புவி இயற்பியல் முறை அறிவியல் அடிப்படை உடையது. ஆயினும் கடினப் பாறையில் அதுவும் உறுதியான விடையைத் தருவதில்லை. இரு முறைகளையும் ஒருசேரப் பயன்படுத்தும் உழவர்களும் உள்ளனர்.

திருச்செங்கோடும் ரிக் வண்டிகளும்

துளையிடும் கருவி பொருத்தப்பட்ட லாரி பேச்சு வழக்கில் ரிக் வண்டி எனப்படுகிறது. துளைக்குழாய்கள், டீசல், கருவிகள் ஆகியவற்றை ஏற்றிய துணை லாரி ஒன்று அதனுடன் செல்லும். திருச்செங்கோடும் அதன் சுற்றுப்புறமும் இவ்வண்டிகளின் உரிமையாளர்கள், ஓட்டுநர்கள், பழுதுபார்க்கும் பட்டறைகள் மிகுந்த மையமாகும்.

இத்தொழில் இங்கு வேரூன்றியதற்குச் சூழல் ஏற்றதாக இருந்தது. நாமக்கல் லாரித் தொழிலுக்கும் லாரிக் கூண்டு கட்டும் பட்டறைகளுக்கும் பெயர் பெற்றது. சங்ககிரியும் லாரி உரிமையாளர்கள் மிகுந்த ஊராகும். லாரியையும் எஞ்சினையும் அறிந்த தொழிலாளர்கள் ஏற்கனவே இருந்தனர். மழை குறைந்த நிலத்தின் வருமானத்தை மட்டும் நம்ப இயலாத உழவர் குடும்பங்கள், உறவினர்களுடன் கூட்டுச் சேர்ந்து வண்டி வாங்கின. அவர்களது நிலத்தின் அடியில் இருந்த பாறையே தொழிலைக் கற்றுத்தந்தது எனலாம்.

திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் கர்நாடகம், ஆந்திரம், தெலங்காணா, மகாராட்டிரம், மத்தியப் பிரதேசம், சத்தீசுகர், இராசத்தான் முதலிய மாநிலங்களில் மாதக்கணக்கில் தங்கி வேலை செய்கின்றன. ஆப்பிரிக்க நாடுகளுக்கும் சென்றுள்ளன. முன்பு உள்ளூர் இளைஞர்களே பணியாளர்களாக இருந்தனர். தற்போது ஒடிசா, சத்தீசுகர் போன்ற மாநிலங்களிலிருந்து வரும் தொழிலாளர்களும் மிகுதியாக உள்ளனர். பாறைத்தூள், பேரிரைச்சல், இரவு வேலை, கனமான குழாய்களைக் கையாளுதல் ஆகியவை இவர்கள் எதிர்கொள்ளும் இடர்கள். பாறைத்தூளில் உள்ள சிலிக்கா நீண்டகாலம் நுரையீரலுக்குள் சென்றால் சிலிக்கோசிசு நோய் ஏற்படும்.

ஆழமும் ஆற்றலும்

நீர்மட்டம் இறங்குவதன் விளைவைக் கணக்கீட்டின் மூலம் விளக்கலாம். ஒரு நொடியில் ஏறும் நீர் (லிட்டரில்) = பயன்படும் திறன் (வாட்டில்) ÷ (9.81 × உயரம் மீட்டரில்).

5 குதிரைத்திறன் மோட்டார் ஏறத்தாழ 3,730 வாட் திறன் உடையது. அதில் பாதி மட்டுமே நீரை உயர்த்தப் பயன்படுவதாகக் கொள்வோமானால் பயன்படும் திறன் 1,865 வாட். ஒரு ஏக்கர் நிலத்தில் 5 சென்டிமீட்டர் உயரத்திற்கு நீர் பாய்ச்ச ஏறத்தாழ 2,02,000 லிட்டர் தேவை.

நீர்மட்டம் 30 மீட்டர் (ஏறத்தாழ 100 அடி): மணிக்கு 22,800 லிட்டர். ஒரு ஏக்கருக்கு ஏறத்தாழ 9 மணி நேரம்.

நீர்மட்டம் 240 மீட்டர் (ஏறத்தாழ 800 அடி): மணிக்கு 2,850 லிட்டர். ஒரு ஏக்கருக்கு ஏறத்தாழ 71 மணி நேரம்.

10 மீட்டர் ஆழக் கிணற்றில், 120 லிட்டர் கொள்ளும் பறியைக் கொண்டு நிமிடத்திற்கு ஒரு சால் வீதம் இறைக்கும் கவலையை எடுத்துக்கொண்டால், அது மணிக்கு 7,200 லிட்டர் தரும். ஒரு ஏக்கருக்கு ஏறத்தாழ 28 மணி நேரம் ஆகும். அதாவது, 800 அடி ஆழத்திலிருந்து இறைக்கும் மின்மோட்டார், மேலே நீர் இருந்த காலத்தின் இரண்டு மாடுகளை விடக் குறைவாகவே நீர் தருகிறது. இதனை ஈடுசெய்ய மோட்டாரின் திறனைக் கூட்ட வேண்டும். அது மின்சாரத் தேவையைக் கூட்டுகிறது. பாறை வெடிப்பில் நீர் இல்லையெனில் அதுவும் பயன் தராது.

ஆழ்துளைக் கிணற்றின் நீர் நேரடியாகப் பாய்ச்சப் போதாத இடங்களில், அது முதலில் பழைய திறந்த கிணற்றிலோ தரைத்தொட்டியிலோ சேமிக்கப்படுகிறது. பின்னர் வேறொரு மோட்டாரால் மீண்டும் இறைக்கப்படுகிறது. ஊற்று வற்றிய திறந்த கிணறுகள் இவ்வாறு தொட்டிகளாக மட்டும் எஞ்சியுள்ளன.

விளைவுகள்

மத்திய நிலத்தடி நீர் வாரியம், ஓராண்டில் நிலத்தில் சேரும் நீரில் எடுக்கத்தக்க அளவுடன் எடுக்கப்படும் நீரை ஒப்பிட்டுப் பகுதிகளை வகைப்படுத்துகிறது. 70 விழுக்காடு வரை பாதுகாப்பானது, 70 முதல் 90 வரை மிதமான அபாயம், 90 முதல் 100 வரை அபாயம், 100க்கு மேல் மிகை நுகர்வு என்பவை வகைகள். சேலம், நாமக்கல் மாவட்டங்களின் பல பகுதிகள் மிகை நுகர்வு வகையில் உள்ளன.

இதன் சுமை எல்லோர் மீதும் ஒரே அளவில் விழுவதில்லை. பெருநிலம் உடையவர் ஒரு துளை பொய்த்தால் மற்றொன்றைத் தோண்டலாம். சிறு உழவர் நகையை அடகு வைத்தோ கடன் வாங்கியோ தோண்டிய ஒரே துளை பொய்த்தால், நிலம் மீண்டும் மேட்டாங்காடாகிறது. மேலும், ஆழமான துளை அருகிலுள்ள ஆழமற்ற கிணறுகளின் நீரையும் இழுத்துக்கொள்ளக்கூடும். இவ்வாறு ஒருவர் தோண்டியதால் மற்றவரும் தோண்ட வேண்டிய போட்டி உருவாகிறது. ஒவ்வொருவரின் முடிவும் தனித்தனியே பார்த்தால் சரியானதாகவும், சேர்த்துப் பார்த்தால் அனைவருக்கும் இழப்பாகவும் அமைவது இச்சிக்கலின் இயல்பு.

சட்டமும் பாதுகாப்பும்

நிலத்தடி நீர் எடுப்பதை முறைப்படுத்த 2003 இல் தமிழ்நாடு சட்டம் இயற்றியது. ஆனால் அச்சட்டம் நடைமுறைக்கு வராமலேயே 2013 இல் நீக்கப்பட்டது. கிணறு தோண்டுவதற்கான அனுமதி, பாதுகாப்பு ஆகியவை குறித்து ஊராட்சிகளுக்கான விதிகள் 2015 இல் வெளியிடப்பட்டன.

கைவிடப்பட்ட ஆழ்துளைக் கிணறுகளில் குழந்தைகள் விழுந்து இறப்பது தொடர்ந்து நேரும் பேரிடராகும். உச்ச நீதிமன்றம் 2010 இல் இதற்கான வழிகாட்டு நெறிமுறைகளை வழங்கியது. கிணற்றைச் சுற்றி வேலி, அறிவிப்புப் பலகை, உறைக்குழாய்க்கு இறுக்கமான மூடி, கைவிடப்பட்ட துளையை அடியிலிருந்து மேல்வரை நிரப்புதல் ஆகியவை அவற்றுள் முதன்மையானவை. 2019 அக்டோபரில் திருச்சிராப்பள்ளி மாவட்டம் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை ஆழ்துளைக் கிணற்றில் விழுந்து இறந்தது. அதன் பின் தமிழ்நாடெங்கும் பயன்படாத துளைகளை மூடும் பணி முடுக்கிவிடப்பட்டது. பொய்த்த துளையை மண்ணால் நிரப்புவதற்கு ஆகும் செலவு, அதைத் தோண்ட ஆன செலவில் மிகச் சிறு பகுதியே.

மாற்று முயற்சிகள்

சொட்டுநீர்ப் பாசனம்: பயிரின் வேரில் மட்டும் நீர் தரும் முறை. தமிழ்நாட்டில் சிறு, குறு விவசாயிகளுக்கு இதற்கு 100 விழுக்காடும், பிறருக்கு 75 விழுக்காடும் மானியம் வழங்கப்படுகிறது. மரவள்ளி, மஞ்சள், கரும்பு, வாழை ஆகியவற்றில் பரவியுள்ளது. மிச்சமாகும் நீரைக் கொண்டு பயிரிடும் பரப்பைக் கூட்டினால், மொத்த நீர் எடுப்பு குறையாது.

நீர் செறிவூட்டல்: தடுப்பணை, கசிவுநீர்க் குட்டை, பண்ணைக்குட்டை ஆகியவற்றின் மூலம் மழைநீரை நிலத்தில் இறக்குதல். சிதைந்த பாறை அடுக்கை மீண்டும் நிரப்பும் வழி இதுவே.

ஏரிகளுக்கு உபரிநீர்: மேட்டூர் அணையின் உபரிநீரைச் சரபங்கா வடிநிலத்தின் 100 ஏரிகளுக்கு நீரேற்றும் திட்டத்திற்கு 2020 இல் அடிக்கல் நாட்டப்பட்டது. ஏரி நிறைந்தால் அதைச் சுற்றியுள்ள கிணறுகளில் நீர் ஊறும்.

சூரிய ஆற்றல் மோட்டார்: மின் இணைப்புக்குக் காத்திருப்போருக்குப் பயன்படுகிறது. நடுவண் அரசின் குசும் திட்டம் 2019 இல் தொடங்கப்பட்டது. பகலில் நீர் இறைக்க முடிவதால், மும்முனை மின்சாரம் வரும் நேரத்திற்காக இரவில் தோட்டத்திற்குச் சென்று பாம்புக்கடிக்கும் மின்தாக்குதலுக்கும் ஆளாகும் நிலை குறைகிறது.

வட்டார வழக்குச் சொற்கள்

மடை: வாய்க்காலிலிருந்து பாத்திக்கு நீர் பிரியும் இடம்.
முறை: பங்காளிகள் நீர் இறைக்கும் நாள் வரிசை.
ஊற்றுக்கண்: கிணற்றில் நீர் சுரக்கும் பாறை வெடிப்பு.
உள்போர்: திறந்த கிணற்றின் அடியில் இடப்படும் துளை.
சைடு போர்: கிணற்றுச் சுவரில் கிடைமட்டமாக இடப்படும் துளை.
கம்ப்ரசர் மோட்டார்: அழுத்தக் காற்றைத் துளைக்குள் செலுத்தி நீரை வெளியே தள்ளும் அமைப்பு. குறைந்த நீருள்ள துளைகளில் பயன்படும்.
நீர்மூழ்கி மோட்டார்: துளைக்குள் நீரில் மூழ்கி இயங்கும் மோட்டார்.
பொய்த்தல்: தோண்டிய கிணற்றில் நீர் கிடைக்காமற்போதல்.